சுவரில் வரைவதற்கு முன்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 20 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், நன்றாகப் படம் வரைவேன். கஜா புயலின்போது நிவாரண முகாமில் அழுத சின்னப் பிள்ளைகளைப் படம் வரைய வைத்துத்தான் சமாளித்தேன். அப்போது நானே சிறுமி. இப்போது நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். ஊருக்கு உழைக்க வேண்டும், இளையவர்கள் சொல் பஞ்சாயத்தில் எடுபட வேண்டும், வரைவதையும் விடக்கூடாது. அப்பாவோ, “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேணாம், ஒண்ணைப் பிடி” என்கிறார். எதை விடுவது?

பதில்: அன்பு மகளே, எதையும் விட வேண்டாம். 2018 நவம்பரில் அந்த முகாமில் நீ மூன்றையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறாய். பிள்ளைகளுக்குத் துணையாக இருந்தாய், வரைய வைத்தாய், அவர்கள் மனத்தில் கிடந்தது வெளியே வந்தது. ஆனால் எதில் தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும். அதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, ஒரு நீளமான சுவர் முழுக்க நீர் சேமிப்பு பற்றி வரைந்தோம். அழகாகவே வந்திருந்தது. கடைசி நாள் ஒரு பாட்டி வந்து நின்று பார்த்துவிட்டு, “எங்க தெருக் கொழாயில தண்ணி வந்து பத்து நாளாச்சு. வரையறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாயி” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அதனால் முதலில் கேள். நாற்பது சாக்பீஸ் வாங்கிக்கொள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ, நெல் காயாத களமாகப் பார்த்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் ஊரை அவர்களையே வரையச் சொல். வாய்க்கால், கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் வரும். அப்புறம், பிடித்த இடத்தில் ஒரு பூவும் பயமான இடத்தில் ஒரு பெருக்கல் குறியும் போடச் சொல். நான் பார்த்த ஒரு களத்தில், பேருந்து நிறுத்தத்திலிருந்து தெருவுக்கு வரும் வாய்க்கால் கரையில் ஏழு பெண் பிள்ளைகள் பெருக்கல் குறி போட்டார்கள். ஒருத்தி அழுத்திப் போட்டதில் சாக்பீஸ் உடைந்தே போனது. அங்கே விளக்கு இல்லை. டியூஷன் முடிந்து அந்த வழியாகத்தான் வர வேண்டும். பெரியவர்கள் யாரும் அதைப் பற்றி அதுவரை பேசியதில்லை.

அந்தப் பெருக்கல் குறிதான் உன் வேலை. அதை ஒரு சார்ட் தாளில் பெரிதாக வரைந்து கிராம சபைக்கு எடுத்துப் போ. நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உன் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் எழுந்து பேச உனக்கு முழு உரிமை உண்டு. தெருவிளக்கு ஊராட்சியின் கடமைகளில் ஒன்று என்று 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமே சொல்கிறது, ஆகவே தயங்காமல் கேள். மனுவை எழுத்தில் கொடு, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார். ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும்.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. வரையும்போது சில பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே பெருக்கல் குறி போடுவார்கள். அந்தப் படத்தை யாரிடமும் காட்டாதே, போட்டோ எடுக்காதே, துருவித் துருவிக் கேட்காதே. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதே. பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசு. சின்னப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது தெரிந்தாலும் அதே எண்தான்.

கூட்டம் சேர்க்கத் தப்பாட்டம் வைக்கலாம் என்று உங்களில் யாராவது சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் கலைஞர்களுக்குப் பேசிய கூலியைக் கையில் கொடுத்து, மற்றவர்களோடு சமமாக உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். சாவு வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரியே சேவைக்கும் இலவசமாகக் கூப்பிட்டால், யாரை உயர்த்தப் போகிறோம்? முடிந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரை உங்கள் ஐந்து பேரோடு ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் ஓவியம் அதற்கப்புறம். ஊராட்சியில் அனுமதி வாங்கி, சுண்ணாம்பு அடித்து, ஐப்பசி அடைமழைக்கு முன் முடித்துவிடு. என்ன வரைவது என்பதைக் களத்தில் வரைந்த பிள்ளைகளே சொல்லட்டும்.

பரீட்சை மாதத்தில் இதையெல்லாம் நிறுத்திவிடு, அந்த விஷயத்தில் நான் அப்பா பக்கம். ஆனால் முதல் கிராம சபைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போ. நீ சார்ட்டைப் பிரிக்கும்போது ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.