பின்வாசல் வழியே ஒரு தொழில்

ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு, துவாலை, தலையணை உறை ஆகியவற்றை 22 ஆண்டுகளாக வழங்கிவரும் தொழில்முனைவர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஓட்டல் வரவேற்பறையில் பணிபுரிகிறேன். ஓட்டல்களுக்குப் பொருள் வழங்கும் தொழிலைத் தொடங்க விரும்புகிறேன். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சலவைக்கூடத்தில் சில நாட்கள் நின்று பாருங்கள். வரவேற்பறைக்கும் அதற்கும் நடுவே ஒரு படிக்கட்டுதான் என்றாலும், இறங்கிப் பார்க்கப் பலருக்கு வேளை வாய்ப்பதில்லை.

நான் தொடங்கிய புதிதில் என் விரிப்புகள் எவ்வளவு மென்மையானவை என்பதை மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். ஹவுஸ்கீப்பிங் மேலாளரான ஓர் அம்மையார் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எத்தனை சலவை தாங்கும், உலர எவ்வளவு நேரமாகும்?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. ஆர்டரும் கிடைக்கவில்லை, ஆனால் அன்றுதான் நான் தொழிலைக் கற்கத் தொடங்கினேன்.

கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என ஒவ்வொரு கட்டிலுக்கும் குறைந்தது மூன்று தொகுதி விரிப்புகளை ஓட்டல்கள் வைத்திருக்கும். இதைத்தான் 'பார் ஸ்டாக்' என்கிறார்கள். சலவையை வெளியே கொடுக்கும் ஓட்டலுக்கு, வழியில் இருக்கும் துணிகளுக்காக நான்காவது தொகுதியும் தேவைப்படும். கிழிந்தவற்றுக்கு மாற்றாக நான் அனுப்ப வேண்டிய சரக்கு இரண்டு நாள் தாமதித்தால் அலமாரி காலியாகிவிடும். காலையில் ஒருவர் காலி செய்த அறை, பிற்பகலில் வருபவருக்குத் தயாராக இருக்காது. அந்த விருந்தினரின் கோபத்தை எதிரில் நின்று வாங்கிக்கொள்பவர் உங்களைப் போன்ற வரவேற்பாளர்தான்.

ஆகவே, இந்த எட்டு ஆண்டுகளில் எந்தெந்தக் காரணங்களால் அறைகள் தாமதமாயின என்பதை நினைவிலிருந்து எழுதுங்கள். நீங்கள் விற்க வேண்டிய பொருள் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும். ஒருவேளை அது பொருளாக இல்லாமல், சரக்கைச் சொன்ன நேரத்தில் கொண்டுசேர்க்கும் சேவையாகவும் இருக்கலாம்.

கேள்வி: கொள்முதல் மேலாளர்கள் விலையைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. தரமான பொருளை வைத்துக்கொண்டு எப்படிப் போட்டியிடுவது?

பதில்: அவர்கள் விலையைப் பேசுவது நியாயமே, அவர்களுடைய வேலை அது. விலையைச் செலவாக மாற்றிக் காட்டுவது நம்முடைய வேலை. சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள துவாலை கைக்கு இதமாக இருக்கும். ஆனால் 450 கிராம் துவாலையைவிட அது கூடுதல் நேரம் உலர்த்தியில் சுழல வேண்டும், அதற்கான எரிபொருளும் ஆளின் நேரமும் ஓட்டலின் கணக்கில்தான் சேரும். எனவே ஒரு நடுத்தர ஓட்டலுக்கு நானே எடை குறைந்ததைப் பரிந்துரைத்திருக்கிறேன். அந்த விற்பனையில் எனக்கு வருமானம் குறைவு. அந்த ஓட்டல் இன்றும் என் வாடிக்கையாளர்.

இவ்வகைச் சிந்தனைக்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் மனிதர் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1908-இல் அவர் திறந்த ஓட்டலில், ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை இருந்தது. அக்காலத்தில் அது பெரும் ஆடம்பரம். இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து, குழாய்கள் அனைத்தையும் அவற்றுக்கு நடுவே செங்குத்தாகச் செல்லும் ஒரே பொது இடைவெளியின் வழியாகக் கொண்டுசென்றதால்தான் அந்த வசதி கட்டுப்படியாயிற்று. அவர் தரத்தைக் குறைத்துச் செலவைக் குறைக்கவில்லை. குழாய் போகும் வழியை மாற்றினார்.

கேள்வி: ஒரு பெரிய ஓட்டலிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. பணம் 90 நாள் கழித்தே தருவார்களாம். ஏற்கலாமா?

பதில்: முதலில் ஒரு கணக்கு. நெசவாலைக்கு நீங்கள் 30 நாளில் பணம் கட்ட வேண்டும், உங்களுக்கு 90 நாளில் வரும் என்றால், இடைப்பட்ட 60 நாள் அந்த ஓட்டலுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் நீங்களே. ஆர்டர் பெரிதாகப் பெரிதாக அந்தக் கடனும் பெரிதாகும். விற்பனை ஏறிக்கொண்டிருக்கும்போதே கையில் காசில்லாமல் நிறுவனங்கள் மூடப்படுவது இப்படித்தான். என் ஐந்தாம் ஆண்டில் நானும் அந்த விளிம்புக்குப் போனேன். மொத்த விற்பனையில் பாதி ஒரே வாடிக்கையாளரிடம் இருந்தது, அவர் இரண்டு மாதம் தாமதித்தார், நான் வீட்டு நகையை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த ஒரு வாடிக்கையாளரையும் கால் பங்குக்கு மேல் வளரவிட்டதில்லை.

இன்னொன்றையும் விசாரியுங்கள். வாசலில் உள்ள பெயர்ப்பலகைக்கு உரியவரே கட்டடத்துக்கும் உரியவர் என்று எண்ணிவிட வேண்டாம். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் 1949-இல் திறக்கப்பட்ட கரீப் ஹில்டன் ஓட்டலைக் கட்டியது அத்தீவின் அரசு நிறுவனம். ஹில்டன் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. இன்று பெரிய பெயர்களில் பல, பிறருடைய கட்டடங்களை நிர்வகிப்பவை அல்லது பெயரை மட்டும் வாடகைக்குத் தருபவை. ஆர்டர் தாளில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, பணம் தர வேண்டியது அதுதான். அதன் நிலவரத்தைத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்திடுங்கள். முன்பணமாக மூன்றில் ஒரு பங்கேனும் கேளுங்கள். மறுத்தால் ஆர்டரின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொரோனா காலத்தைப் போல மீண்டும் ஒன்று வந்தால் இத்தொழிலை நம்பியவர்கள் என்ன செய்வது?

பதில்: 2019-இல் உலகெங்கும் சுமார் 146 கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகள் வருகை, 2020-இல் 70 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. நேற்றிரவு விற்காத அறையை ஓட்டல் இன்று விற்க முடியாது என்பதால், அங்கே நின்ற வருமானம் உடனே எங்களிடமும் நின்றது. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் விரிப்பு தைக்கத் தொடங்கியதால் நாங்கள் தப்பினோம். ஆனால் அந்தத் தொடர்புகளை நெருக்கடிக்கு முன்பே, சிறிய அளவிலாவது வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. எல்லாரும் வாசலில் வந்து நிற்கும்போது புதியவர்களை யாரும் உள்ளே அழைப்பதில்லை.

கேள்வி: ஆர்டர் தர ஓர் அலுவலர் தனியாகக் கமிஷன் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். அறத்தை ஒருபுறம் வைத்தாலும் இது மோசமான வியாபாரம். அவர் வேலை மாறும் நாளில் உங்கள் ஆர்டரும் போய்விடும்.

கேள்வி: மாதிரிப் பொருட்களை இலவசமாகக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் பரிசாகக் கொடுக்க வேண்டாம். ஓர் ஓரத்தில் வண்ண நூலால் அடையாளமிட்டு, தேதியை எழுதி, சலவைக்கூடத்தின் பொறுப்பாளரிடமே ஒப்படையுங்கள். முப்பது சலவைக்குப் பிறகு நீங்களே போய் அதைத் திரும்ப வாங்கி, அவர் முன்னிலையிலேயே நீள அகலத்தை அளந்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.