எம்.எஸ்சி. விலங்கியலுக்குப் பிறகு அறிவியல் எழுத்து சோறு போடுமா?

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். ஆய்வகமும் பிஎச்.டி.யும் எனக்கு ஒத்துவராது. தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால், “அக்கா, நீங்க சொன்னாத்தான் புரியுது” என்கிறார்கள். அறிவியலை எடுத்துச் சொல்வதையே வேலையாக்கிக்கொள்ள முடியுமா? அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா? வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள்.
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முடியும். ஆனால் தமிழில் எழுதி வரும் பணத்தை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. தமிழ் அறிவியல் எழுத்தின் முன்னோடியான பெ.நா. அப்புசாமியே தொழிலால் வழக்கறிஞர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழும் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்ததுதான். ஆகவே சம்பளத்துக்கு ஓர் இடம், தமிழுக்கு ஓர் இடம் என்று இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

சம்பளம் தரும் இடங்கள் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற நிறுவனங்களில் தகவல் தொடர்புக்கென்றே அலுவலகம் உண்டு. அங்கே நடக்கும் ஆய்வுகளைச் செய்திக்குறிப்பாகவும் கட்டுரையாகவும் எழுதுவது வேலை. திருநெல்வேலி, கோவை அறிவியல் மையங்களை நடத்துவது தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம். அதன் வேலை அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். மருந்து ஆய்வு நிறுவனங்களில் ஆய்வு அறிக்கைகளை எழுதும் ‘மெடிக்கல் ரைட்டிங்’ என்ற பிரிவு இருக்கிறது. நடை வறட்சியாக இருக்கும், ஆனால் உயிரியல் படித்தவர்களுக்குக் கதவு திறக்கும். இவை எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். பழைய வழிகாட்டிகள், அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல மத்திய அரசு நடத்திய ‘விஞ்ஞான் பிரசார்’ அமைப்பையும் சொல்லும். அது 2023-இல் மூடப்பட்டுவிட்டது.

இந்த வேலைக்கு எளிமையாகச் சொல்லத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம், ஒரு செய்திக்கு எவ்வளவு கனம் என்று எடைபோடத் தெரிவது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. ‘இறைச்சியும் சிகரெட்டும் ஒன்று’ என்கிற மாதிரி செய்திகள் பரவின. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்றது முகமை. நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த நோய் வருகிற ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் தினமும் அதைச் சாப்பிட்டால் ஐந்து ஏறக்குறைய ஆறாகும். 18 சதவீதம் என்று மட்டும் எழுதினால் வாசகர் பயப்படுவார், இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதினால் யோசிப்பார்.

மொழியிலும் இதில் ஒரு வழுக்கல் உண்டு. பதப்படுத்திய இறைச்சி என்றால் உப்பிட்டோ புகையூட்டியோ கெடாமல் வைக்கும் சாசேஜ், பேக்கன் வகையறா. தமிழில் வெறுமனே ‘இறைச்சி’ என்று எழுதினால் நம் வாசகருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்புதான் நினைவுக்கு வரும். ஆட்டுக்கறி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியை முகமை வேறு பிரிவில், ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற நிலையில்தான் வைத்தது. ஒரு சொல் விடுபட்டதால் ஒரு வீட்டுச் சமையலே மாறிப்போகலாம். தமிழில் எழுதுகிறவரின் பொறுப்பு அவ்வளவு பெரியது. அதனால்தான் உங்களைப் போல் பாடம் படித்தவர்கள் இதற்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தனிப் படிப்பு கட்டாயம் இல்லை. நாளிதழில் நிருபராக விரும்பினால் இதழியல் டிப்ளமோ உதவும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். உங்களிடம் பட்டச் சான்றிதழோடு பத்து நல்ல கட்டுரைகளும் இருந்தால் பேச்சே வேறு. பி.எட். பற்றி: வகுப்பறை பிடிக்கும் என்றால் தயங்காமல் சேருங்கள், ஆசிரியர் வேலையும் எழுத்தும் ஒன்றுக்கொன்று துணை. வீட்டாருக்காக மட்டும் என்றால் ஓராண்டு அவகாசம் கேளுங்கள்.

அந்த ஓராண்டை உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் வந்த முதல் சரணாலயம் அது. அய்யலூர்ப் பக்கம் போய், தேவாங்கைப் பற்றி விவசாயிகளும் பெரியவர்களும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு தேவாங்கை ஆராய்ந்த ஒருவரிடம் பேசுங்கள். அது இரவில் என்ன தின்கிறது, பயிருக்கு அதனால் என்ன பயன், அதை மாந்திரீகத்தோடு சேர்த்துப் பேசும் நம்பிக்கை அதற்கு என்ன கேடு செய்தது என்று அறுநூறு சொற்களில் எழுதுங்கள். ஆய்வாளரிடம் முழுக் கட்டுரையைக் கொடுத்து ஒப்புதல் கேட்க வேண்டாம். தகவல்களையும் அவர் சொன்னதாக நீங்கள் எழுதியதையும் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களோ, அந்தப் பத்தியைத் திரும்ப எழுதிவிட்டு இதழுக்கு அனுப்புங்கள்.