கடற்படை முகாமுக்கு எந்தப் பெட்டி, எந்த நாற்காலி?

கேள்வி: இங்கிலாந்தின் தென்கரையில் வசிக்கிறேன். 1770 முதல் 1800 வரையிலான பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளைப் போல உடுத்தி, கரையோர ஊர்த் திருவிழாக்களில் முகாம் போட்டு அந்தக் கால வாழ்க்கையைக் காட்டும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். உடை தயார். நாற்காலி, மேசை, சமையல் சாமான் பெட்டி, உள்ளே தீ மூட்டிச் சமைக்கும் பெட்டி ஆகியவற்றைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கடைகளில் 'பழங்கால முகாம் சாமான்' என்று விற்பதெல்லாம் ராணுவ அதிகாரிகளுக்கானது போலத் தெரிகிறது. எது பொருந்தும்? எங்கே கிடைக்கும்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. மாலுமிகளுக்கென்று முகாம் மரச்சாமான் எதுவும் கிடையாது. தரைப்படை நாடு நாடாக நடந்தது. அதன் அதிகாரிகளுக்கு மடக்குக் கட்டில், மடக்கு மேசை எல்லாம் தேவைப்பட்டன. மாலுமிக்கு வீடு கப்பல்தான். தண்ணீர் பிடிக்க, விறகு வெட்ட, கப்பலைப் பழுதுபார்க்க, நோயாளிகளைத் தங்கவைக்க அவன் கரைக்கு வந்தான். வரும்போது கப்பலில் கைக்குக் கிடைத்ததைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதனால் ஒரு பொருளைப் பார்த்ததும் 'இது 18ஆம் நூற்றாண்டுப் பொருளா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இது கப்பலில் இருந்திருக்குமா? துடுப்புப் படகில் இறக்கி, மணலில் இரண்டு பேர் தூக்கி வந்திருப்பார்களா?' என்றும் கேளுங்கள். விளம்பரங்களில் வருவதில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது கேள்வியிலேயே கழிந்துவிடும்.

நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1770 ஜூனில் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் பவளப்பாறையில் மோதி ஓட்டை விழுந்தது. இன்று குக்டவுன் இருக்கும் ஆற்றுமுகத்தில் கப்பலைக் கரையேற்றி, ஆகஸ்ட் தொடக்கம் வரை அங்கேயே தங்கினார்கள். கரையில் நோயாளிகளுக்கு ஒரு கூடாரம், உணவுப் பொருள்களுக்கு ஒரு கூடாரம், ஆணி அடிக்கக் கொல்லன் உலை, தார் காய்ச்சும் கொப்பரை. கப்பலை இலேசாக்கச் சரக்கையெல்லாம் இறக்கியதால் பீப்பாய்களும் பெட்டிகளும் சுற்றிலும் கிடந்திருக்கும். உங்கள் முகாமும் இப்படித்தான் இருக்க வேண்டும்: கித்தான், கழி, கயிறு, பீப்பாய், பெட்டி, பலகை. இந்த ஆறும் சரியாக இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்குக் கப்பல் தானாகத் தெரியும்.

முதலில் பெட்டி. அது உட்காரும் இடமாகவும் இருக்கும், அலமாரியாகவும் இருக்கும், மேசையாகவும் இருக்கும். அதில்தான் அதிகக் கவனம் வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஆறு பலகையில் செய்த எளிய பைன் மரப்பெட்டி. நீளம் 90 முதல் 100 செ.மீ., அகலமும் உயரமும் 40 செ.மீ. வாக்கில் இருந்தால் இரண்டு பேர் தூக்கலாம், ஒருவர் வசதியாக உட்காரலாம். மூலைகள் டவ்டெயில் இணைப்பிலோ (பல் பல்லாக வெட்டி ஒன்றோடொன்று கோப்பது) வெறும் ஆணியிலோ இருக்கலாம். இரு முனையிலும் மரக்கட்டை ஒன்றை அறைந்து, அதில் கயிற்றுப் பிடி கோத்திருக்க வேண்டும். அடி அகன்று மேலே குறுகும் சாய்வுப் பெட்டிதான் 'உண்மையான' கடல் பெட்டி என்று பலர் சொல்வார்கள். அந்த வடிவத்தில் இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மூடியின் உட்புறத்தில் கப்பல் படம் தீட்டியவையும் அப்படியே. நேரான பக்கங்கள் கொண்ட பெட்டியை வாங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது.

மூலைகளில் பித்தளைத் தகடு பதித்த பெட்டிகளை விட்டுவிடுங்கள். சீன வணிகத்தில் வந்த கற்பூர மரப்பெட்டிகள் இங்கிலாந்து ஏலங்களில் நிறைய வரும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அவையும் பெரும்பாலும் உங்கள் காலத்துக்குப் பிந்தியவை, ஒரு சாதாரண மாலுமியின் கைக்கு எட்டாதவை. இன்னொன்று: போர்க்கப்பலில் இடம் குறைவு. பல மாலுமிகள் துணிமணிகளைக் கித்தான் பையில்தான் வைத்திருந்தார்கள். எனவே குழுவில் ஆளுக்கொரு பெட்டி வேண்டாம். ஒரு மெஸ்ஸுக்கு, அதாவது சேர்ந்து சாப்பிடும் ஆறு எட்டுப் பேருக்கு, ஒன்றோ இரண்டோ போதும். மிச்சப் பேருக்குப் பை. இதில் பணமும் மிச்சம்.

பெட்டியைப் புரட்டிப் பார்க்கும்போது திருகாணியைக் கவனியுங்கள். தலையில் நட்சத்திரம் போலக் குறுக்கு வெட்டு இருந்தால் அது 1930களுக்குப் பிந்தியது. கூர்முனைத் திருகாணியே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன் முனை மொட்டையாக இருக்கும். திருகாணி மரத்துக்குள் போய்விட்டால் முனையை யார் பார்க்கப் போகிறார்கள்? தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் போதும். வெளியே தெரியும் இடங்களில் கொல்லன் அடித்த ஆணி போடுங்கள். ப்ளைவுட் மட்டும் எங்கும் வேண்டாம். விளிம்பில் அடுக்கு தெரிந்தவுடன் முகாமின் நம்பகத்தன்மையே போய்விடும்.

அடுத்து உட்காரும் சாமான். சாதாரண மாலுமி பெட்டியில் உட்காருவான், பீப்பாயில் உட்காருவான், சுருட்டிய பாய்த்துணியில் உட்காருவான். இதுதான் பதில். நாற்காலி வேண்டும் என்றால் அது அதிகாரிக்கு. எக்ஸ் வடிவில் மடங்கும், கித்தான் அல்லது தோல் இருக்கை கொண்ட முக்காலி உயர இருக்கை மிகப் பழைய வடிவம், தாராளமாகப் பொருந்தும். ஜார்ஜ் வாஷிங்டன் 1776இல் தன் முகாமுக்கு வாங்கியவையும் மடக்கு இருக்கைகள்தான். அதற்கு மேல் போகாதீர்கள். தோல் கைப்பிடி வைத்த ரூர்க்கி நாற்காலியை 'காலனியக் கால முகாம் நாற்காலி' என்று விற்பார்கள். அது நம் இந்தியாவின் ரூர்க்கி ஊர்ப் பெயரைக் கொண்டது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. உங்கள் முகாமுக்கு நூறு வருடம் தாமதம். இரண்டு பலகையை ஒன்றுக்குள் ஒன்று செருகி உட்காரும் நாற்காலி பழைய கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் குழுக்களுக்கான எல்லாச் சந்தைகளிலும் கிடைக்கும். பிரிட்டிஷ் கடற்படையில் அதற்கு இடமில்லை.

மேசைக்குச் செலவே வேண்டாம். கப்பலில் மாலுமிகளின் மேசை என்பது பீரங்கிகளுக்கு நடுவே கயிற்றில் தொங்கிய பலகைதான். அதே பலகையை இரண்டு பீப்பாய்கள் மேல் வையுங்கள். பீப்பாய் வாங்கும்போது 40 லிட்டர் அளவில் பாருங்கள். உட்காரவும் சரி, உருட்டவும் சரி. விஸ்கி பீப்பாய்களில் பளபளக்கும் துத்தநாகப் பூச்சு வளையம் இருந்தால் கறுப்படித்துவிடலாம். மரக்குச்சியைப் பிளந்து கட்டிய வளையம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்போது சமையல் சாமான் பெட்டி. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பவுண்டி என்ற கடற்படைக் கப்பலில் நடந்த கலகம். 1789 ஏப்ரலில் கேப்டன் பிளையையும் 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். கையில் சுமார் 150 பவுண்டு ரொட்டி. அது நனைந்தால் உயிர் போய்விடும். படகில் தச்சரின் நல்ல பெட்டி ஒன்று இருந்தது. கருவிகளை எடுத்துப் படகின் அடியில் போட்டுவிட்டு, ரொட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார் பிளை. ஒரு மாலுமி முகாமின் உணவுப் பெட்டி எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்: வேறு வேலைக்காகச் செய்த உறுதியான பெட்டி, உள்ளே உணவு. இழுப்பறை, மசாலா அறை, கரண்டி தொங்கவிடும் கொக்கி என்று அடுக்கிய அலங்காரப் பெட்டி அதிகாரிகளுடையது. அதுவும் பெரும்பாலும் தரைப்படை அதிகாரிகளுடையது. வாஷிங்டனின் முகாம் பெட்டி அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகரத் தட்டுகள், பிடி கழன்று வரும் பாத்திரங்கள், கால் மடங்கும் வாட்டுக்கம்பி என்று அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். உங்கள் குழுவில் கேப்டன் வேடம் போடுபவர் இருந்தால் அவருக்கு அப்படி ஒன்று செய்து கொடுக்கலாம்.

நடைமுறை விஷயம் ஒன்று. இன்று இறைச்சியும் பாலும் குளிரில் இருந்தாக வேண்டும். அதில் சமரசம் கூடாது. எனவே பெட்டி செய்யச் சொல்வதற்கு முன் உங்கள் குளிர்பெட்டியை அளந்துகொள்ளுங்கள். அது உள்ளே இறங்கி, மேலே பட்டாணிப் பையும் பிஸ்கட் பையும் வைக்க ஒரு சாண் இடம் மிஞ்சுகிற அளவில் மரப்பெட்டியைச் செய்யுங்கள். மூடியைத் திறந்தால் மேலே கெட்டித் துணிப்பைகள் மட்டும் தெரியும். பெட்டியைச் செய்துவிட்டு அப்புறம் குளிர்பெட்டி தேடினால் எதுவும் பொருந்தாது.

தீ மூட்டும் பெட்டிக்கு வருவோம். பெரிய போர்க்கப்பலில் 1780களிலிருந்து பிராடி என்பவர் காப்புரிமை பெற்ற இரும்பு அடுப்பு வந்தது. போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் விக்டரி போர்க்கப்பலில் அந்த வகையை இன்றும் பார்க்கலாம். அதைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. கரையில் தரையில் தீ மூட்டி, மூன்று கழியைக் கூட்டிக் கட்டி, சங்கிலியில் கொப்பரையைத் தொங்கவிட்டார்கள் என்று காட்டுவதே இயல்பு. ஆனால் இன்றைய திருவிழாத் திடல்களில் புல்லின் மேல் தீ மூட்ட விடமாட்டார்கள். அதற்குத்தான் பெட்டி. மரப்பெட்டியில் மணலோ செங்கல்லோ இட்டு அதன்மேல் சமைப்பது சிறு கலங்களில் வெகுகாலம் இருந்த வழக்கம். அரபுப் பாய்க்கப்பல்களில் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஆக, அது ஒட்டவைத்த நவீனச் சாமான் போலத் தெரியாது.

60 செ.மீ. சதுரம், 25 செ.மீ. உயரம் போதும். உள்ளே அடியிலும் பக்கங்களிலும் ஃபயர்பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) வரிசை. அடிச் செங்கல் மேல் 10 செ.மீ. உலர்ந்த மணல். பெட்டியின் கீழே இரண்டு கட்டைகளை வைத்து ஒரு கையளவு தூக்கிவிடுங்கள். காற்று ஓடும், புல்லும் கருகாது. கடற்கரை ஈர மணலை அப்படியே போடாதீர்கள். ஆற்றுக் கற்கள் அறவே வேண்டாம்: உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். துத்தநாகம் பூசிய தகரத்தை உள்ளே வைத்தால் சூடேறும்போது நச்சுப் புகை வரும். வெறும் இரும்புத் தகடு வையுங்கள். முடிந்ததும் சாம்பலைக் கிளறி, கையில் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். மணலுக்கடியில் கங்கு ராத்திரி முழுக்க உயிரோடு இருக்கும். எண்டெவர் முகாமிலேயே தீ விபரீதம் நடந்தது. பிடித்த ஆமையில் பங்கு கேட்டு மறுக்கப்பட்ட அந்த மண்ணின் மக்கள், தார்க் கொப்பரையின் அடியிலிருந்த நெருப்பை எடுத்துச் சுற்றியிருந்த காய்ந்த புல்லுக்கு வைத்துவிட்டார்கள். கூடாரத்தை இழுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வாளித் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். மர வாளியோ தோல் வாளியோ. துத்தநாகம் பூசிய வாளி 19ஆம் நூற்றாண்டுப் பொருள்.

பாத்திரம் குறைவாக இருப்பதே அழகு. கப்பலில் ஒவ்வொரு மெஸ்ஸும் தன் இறைச்சியைப் பையில் கட்டி, அடையாள வில்லை மாட்டி, பொதுக் கொப்பரையில் வேகவைக்கக் கொடுத்தது. வேகவைத்ததுதான் சாப்பாடு: உப்புப் பன்றி, உப்பு மாடு, பட்டாணி, ஓட்ஸ் கஞ்சி. ஆகவே ஈயம் பூசிய செம்புப் பாத்திரம் ஒன்றோ வார்ப்பிரும்புக் கொப்பரை ஒன்றோ, பெரிய கரண்டி, சாப்பாட்டை வாங்கி வர மரத்தொட்டி ஒன்று. சாப்பிட மரத்தட்டு, மரக்கிண்ணம், கொம்புக் கரண்டி, தகரக் குவளை. வெள்ளைப் புள்ளி போட்ட நீல எனாமல் குவளை எல்லா முகாம்களிலும் நுழைந்துவிடும். அதை உள்ளே விடாதீர்கள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பொருள் அது. உணவு டப்பாவும் வேண்டாம். கடற்படைக்கு அது 1813 வாக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

வடிவங்களைப் பார்க்க நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். 1758இல் உங்கள் தென்கரையை ஒட்டிய சோலென்ட் நீரிணையில் மூழ்கிய இன்வின்சிபிள் கப்பலிலிருந்து மாலுமிகள் சாப்பிட்ட மரத்தட்டுகளும் கிண்ணங்களும் கிடைத்திருக்கின்றன. உங்கள் காலத்துக்குச் சற்று முந்தியவை, ஆனால் மாலுமியின் தட்டு அவ்வளவு சீக்கிரம் மாறாது. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கேப்ரியல் பிரே என்ற கடற்படை அதிகாரி 1774-75இல் கப்பலில் வரைந்த நீர்வண்ணப் படங்கள் இருக்கின்றன. பீரங்கி மேல் உட்கார்ந்து மீன்பிடிக்கும் மாலுமி போன்ற சாதாரணக் காட்சிகள். உட்காருவது எதன் மேல், பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிளை படகில் தன் பங்கை வைத்துச் சாப்பிட்ட தேங்காய்ச் சிரட்டையும் அங்கேதான் இருக்கிறது. தென்கடல் (பசிபிக்) போய்வந்த கப்பல் என்று உங்கள் குழு சொல்லிக்கொண்டால், நம் வீட்டுச் சிரட்டை ஒன்றைத் தேய்த்து எடுத்துச் செல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

வாங்குவதைப் பொறுத்தவரை, பெட்டிக்கு முதலில் பழைய சாமான் கடைகளையும் ஊர் ஏலங்களையும் பாருங்கள். விக்டோரியா காலக் கம்பளிப் பெட்டிகள், எளிய பைன் மரத்தில், புதிதாகச் செய்வதைவிட மலிவாகக் கிடைக்கும். பித்தளைப் பூட்டுத் தகடும் சக்கரமும் இருந்தால் கழற்றிவிட்டு, இரும்புக் கீல் மாட்டி, கயிற்றுப் பிடி கோத்து, மங்கலான பச்சையோ பழுப்போ பூசுங்கள். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். கூடாரத்துக்குப் பித்தளை வளையம் அடித்த கித்தானைத் தவிர்த்து, கயிற்று வளையம் வைத்துத் தைத்ததைக் கேளுங்கள். ஹெம்ப் நார்த் துணியோ ஆளித் துணியோ (லினன்) விலை அதிகம் என்றால் வெளுக்காத பருத்திக் கித்தான் ஏற்கத்தக்க சமரசம். கழிக்குப் படகின் துடுப்புகளையே பயன்படுத்தலாம். இந்த வருடத்துக்கு ஒரு பெட்டி, இரண்டு பீப்பாய், ஒரு பலகை, ஒரு கொப்பரை, ஒரு தீப்பெட்டகம் போதும். அதிகாரிக்கான மடக்கு இருக்கையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.