திறப்பு யாரிடம்?

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்துகளை நீண்டநாளாக வாசிக்கிறேன். கடற்கரை ஊர்களைப் பற்றி அடிக்கடி எழுதுவதால் இதை உங்களிடம் கேட்கத் துணிந்தேன். என் பெயரைப் போடவேண்டாம்.

நான் பத்து வருடம் கயாக், அதாவது இருபக்கத் துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு, ஓட்டினேன். தனிநபர் 500 மீற்றர். இப்போது பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். எங்கள் விளையாட்டின் தேசிய சங்கத்துக்கு வருகிற பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகம் தெரிவாகிறது. தெற்கிலிருக்கும் பழைய தோழிகள் இரண்டு பேரும் மட்டக்களப்பில் ஒரு பயிற்றுநரும் "தலைவர் பதவிக்கு நீ கேள்" என்று நிற்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. "உனக்கேன் பிள்ளை உந்த வேலை? தோத்தால் ஊர் சிரிக்கும், வெண்டால் நீ வீட்டில நிக்கமாட்டாய்" என்கிறார் அம்மா. கணவர் ஒன்றும் சொல்கிறாரில்லை, அது இன்னும் கஷ்டம். இங்கே என்னோடு பழக்குகிற ஒருவர், "முதலில் உபதலைவராகப் போங்கோ, வடக்குக்கென்று ஒரு கதிரை எப்படியும் தருவார்கள்" என்கிறார்.

கூட்டம் சிங்களத்தில்தான் நடக்கும். எனக்கு ஓரளவு வரும். வாக்குப் போடுகிறவர்களில் பாதிப் பேரைத் தெரியாது. நான் கேட்கலாமா? கேட்பதென்றால் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, யாழ்ப்பாணம்


அன்புள்ள தங்கச்சிக்கு,

கேளுங்கள். தலைவர் பதவிக்கே கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு ஒரு பூட்டு நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அக்காவின் பேத்தியைப் படகு பழக என்று கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். காலை ஆறரை. சோளகக் காற்று எழும்ப முதல் தண்ணீரில் இறங்கவேண்டும் என்பதற்காக அந்த நேரம். ஏழு, எட்டுப் பிள்ளைகள் துவாயும் தண்ணீர்ப் போத்தலுமாக நின்றார்கள். படகுகள் தகரக்கூரை போட்ட ஒரு களஞ்சிய அறைக்குள் இருந்தன. கதவில் பெரிய பூட்டு. திறப்பு ஓர் அலுவலரிடம், அவர் வார விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். கதவு நீக்கலுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். இரண்டு கயாக்குகள் சுவரோடு சாத்திக் கிடந்தன. ஒன்றின் வயிற்றில் முழ நீளத்துக்கு வெடிப்பு. தகரச் சூட்டில் வந்திருக்கவேண்டும். மூலையில் உயிர்காப்பு அங்கிகள், வந்த பொலித்தீன் உறை பிரிக்கப்படாமல். பிள்ளைகள் எட்டு மணி வரைக்கும் நின்றார்கள். ஒருவன் மதியத்துக்கென்று கொண்டுவந்த பாணை அங்கேயே இருந்து தின்று முடித்தான். கடைசியில் வலை காயவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தன் வள்ளத்தைத் தள்ளி, இரண்டிரண்டு பேராக ஏற்றி, சவள் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். என் பேத்திக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் அதுதான்.

அந்தப் படகுகளுக்கு யாரோ நிதி ஒதுக்கியிருக்கிறார்கள், யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார்கள், ஒப்படைத்த அன்று படமும் எடுத்திருப்பார்கள். திறப்பைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. தேசிய சங்கத் தலைவர் என்றால் யார் என்று என்னைக் கேட்டால், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தத் திறப்பு யாருடைய மடியில் இருக்கவேண்டும் என்பதைத் தன் வேலையாக நினைக்கிறவர் என்பேன். நீங்கள் பத்து வருடம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருப்பீர்கள். அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

உபதலைவர் கதிரையைப் பற்றி. அதைச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் "வடக்குக்கென்று" தரப்படும் கதிரையில் இருந்தால் வடக்கைப் பற்றி மட்டும்தான் உங்களிடம் கேட்பார்கள். வரவுசெலவு ஓடும்போது, அணி தெரிவாகும்போது, எந்த மாவட்டத்துக்கு எத்தனை படகு என்று பிரியும்போது உங்கள் முகத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பூட்டிய களஞ்சியம் யாழ்ப்பாணத்தில் மட்டும் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. மட்டக்களப்பு வாவியிலும் பொல்கொடை ஏரியிலும் இதே கதையைச் சொல்ல ஆள் இருக்கும். அவர்கள் எல்லோருக்குமாகக் கேளுங்கள்.

இந்த விளையாட்டில் கரையில் முடிவெடுக்கிறவர்கள் எவ்வளவு மெதுவாக அசைகிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆண்களுக்குக் கனோவும் கயாக்கும் 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டிகளாயின. பெண்களுக்குக் கயாக் 1948 லண்டனில் வந்தது. ஒரு முழந்தாளை ஊன்றி ஒற்றைத் துடுப்பால் வலிக்கும் கனோ, பெண்களுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில். நடுவில் 73 வருடம். அப்படி வலித்தால் பெண்ணுடம்பு கெட்டுவிடும் என்றெல்லாம் பேசப்பட்டது. உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே 2010இல்தான் இடம் கொடுத்தார்கள். அத்தனை காலமும் சர்வதேசச் சம்மேளனத்தின் கூட்டங்களில் கை உயர்த்தியவர்கள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போன தேசிய சங்கங்களின் ஆட்கள்தான். அந்த வரிசையில் நீங்கள் ஒருநாள் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

இனி, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். சங்கத்தின் யாப்பிலிருந்து, அதாவது அதன் விதிக்கோவையிலிருந்து. செயலாளருக்கு எழுத்தில் கேட்டு ஒரு பிரதி எடுங்கள். யாருக்கு வாக்கு, ஒரு கழகத்துக்கு எத்தனை பேராளர், நியமனப்பத்திரம் எத்தனை நாளுக்கு முன் போகவேண்டும், முன்மொழிபவரும் வழிமொழிபவரும் எந்தத் தகுதியில் இருக்கவேண்டும், உறுப்புரிமைப் பணம் கட்டாத கழகம் வாக்களிக்கலாமா. இவற்றைப் பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள். நல்ல வேட்பாளர்கள் பலர் ஒரு கையொப்பக் குறைவால் கூட்டம் தொடங்க முதலே வெளியே நின்றிருக்கிறார்கள். அதோடு 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். தேசிய சங்கங்களின் பதிவும் அமைச்சரின் அதிகாரமும் அதில் இருக்கின்றன. தேசிய அணி வெளிநாடு போவதற்கும் அமைச்சரின் அனுமதி வேண்டும். மறுபக்கம் சர்வதேசச் சம்மேளனங்கள் அரசு கை வைப்பதைப் பொறுப்பதில்லை. 2023 ஜனவரியில் பிஃபா இலங்கைக் கால்பந்தாட்டத்தை இடைநிறுத்தி ஓகஸ்டில்தான் விட்டது. அதே வருடம் நவம்பரில் ஐசிசி கிரிக்கெட்டை நிறுத்தி 2024 ஜனவரியில் விட்டது. கிரிக்கெட் அந்த அடியைத் தாங்கும். உங்கள் விளையாட்டு ஒரு பருவம் நின்றாலே பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். தலைவர் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கவேண்டியவர் என்பதை இப்போதே மனதில் எடுங்கள்.

அடுத்தது ஆட்கள். இதில் எனக்கு ஒரு சொந்தக் காயம் உண்டு. எங்கள் பகுதிக் கழகங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்குச் செயலாளராக ஒருமுறை கேட்டேன். 25 வாக்கு. எனக்கு 11, மற்றவருக்கு 14. என்னை விரும்பியவர்களின் வீட்டுக்கு மூன்று தரம் போய்த் தேத்தண்ணி குடித்திருந்தேன். என்னைத் தெரியாதவர்களிடம் ஒருதரமும் போகவில்லை. அவர்களில் ஒருவர் பின்பு சொன்னார்: "நீர் வந்து கேட்டிருந்தால் போட்டிருப்பன், நீர் என்ன செய்யப்போறீர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு உறைக்கிறது.

ஆகவே தெரியாத அந்தப் பாதிப் பேரிடம் முதலில் போங்கள். உங்களைப் போல அசையாத தண்ணீரில் ஓட்டியவர்களின் பிரச்சினை வேறு, கித்துள்கலையில் பாறைத் தண்ணீரில் இறங்குகிறவர்களின் பிரச்சினை வேறு. புறோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது களனி கங்கையின் அந்த வேகம் போய்விடுமோ என்று அங்குள்ளவர்கள் பட்ட கவலையை நேரில் கேளுங்கள். படையினரின் கழகங்களுக்குத் தளபாடம் இருக்கும், ஆள் பலம் இருக்கும். பாடசாலைகளுக்கு இரண்டும் இராது. டிராகன் படகுக்காரர் தங்களுக்கென்று உலகளவில் தனிச் சம்மேளனமே வைத்திருக்கிறார்கள், கனோ சம்மேளனமும் அதில் போட்டி நடத்துகிறது. நின்றபடி துடுப்பு வலிக்கும் எஸ்யுபி பலகை யாருடையது என்று கனோ சம்மேளனமும் அலைச்சறுக்குச் சங்கமும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய், 2020இல்தான் தீர்ப்பு வந்தது: இருவரும் போட்டி நடத்தலாம், ஒலிம்பிக் என்று வந்தால் அலைச்சறுக்குச் சங்கம் பொறுப்பு. இந்தப் பிணக்குகள் ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரும். இப்போதைக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டாம். ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி போதும். உங்களிடம் ஓடக்கூடிய படகு எத்தனை? திறப்பு யாரிடம்?

பதில்களை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிவாருங்கள். மாவட்டம், படகு, வெடிப்பு, அங்கி, நீச்சல் தெரிந்த பயிற்றுநர். தேர்தலுக்கு உங்கள் கையில் இருக்கக்கூடிய மிகப் பெரிய ஆயுதம் அந்தக் கொப்பி. போட்டிக் கயாக் ஒன்றின் ஆகக் குறைந்த எடை 12 கிலோ, நீளம் 5.20 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நாட்டில் அப்படி எத்தனை இருக்கிறது, எதில் இன்றைக்கு ஏறலாம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லக்கூடிய ஆள் நீங்களாக இருங்கள்.

சிங்களம் "ஓரளவு" போதும். எழுதிக்கொடுத்து வேறொருவரைக்கொண்டு வாசிப்பிக்காதீர்கள். பிழையோடு நீங்களே பேசுங்கள். தோழிகள் திருத்தித் தருவார்கள். நீங்கள் செய்யப்போவதை மூன்று மொழியிலும் ஒவ்வொரு பக்கமாக எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் கணக்கறிக்கை மூன்று மொழியிலும் உரிய நாளில் வரும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

இங்கேயும் ஒரு வேலை இருக்கிறது. மீன்பிடிக்க நட்ட சிறகுவலைத் தடி நிற்கும் கடலில் பிள்ளைகள் பழக ஒரு நேர்ப்பாதை வேண்டுமென்றால் கடற்றொழிலாளர் சங்கத்தோடு கதைத்துத்தான் எடுக்கவேண்டும். தேர்தலுக்கு முன்பே அதைச் செய்து காட்டினீர்கள் என்றால், மற்ற மாவட்டங்களுக்கும் உங்களால் முடியும் என்று நம்புவார்கள்.

அம்மாவைப் பற்றி. ஊர் சிரிக்கும் என்பது அவர் வாயில் வந்த காரணம். எங்கள் வயதுக்காரருக்குக் கடல்நீரேரி என்றால் வேறு நினைவு. போர்க்காலம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலிக் கடல்நீரேரியில் இரவில் வள்ளம் ஏறியவன் நான். விளக்கில்லை, ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டிய வள்ளங்கள், மடியில் இருந்த குழந்தை அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கரை ஏறும்வரை ஒருவரும் பேசியதில்லை. உங்கள் அம்மா எந்தக் கரையில் என்ன கண்டாரோ. மகள் தண்ணீரோடு மாரடிப்பதை அவர் இத்தனை வருடம் பொறுத்ததே பெரிய காரியம். கணவரின் மௌனத்தையும் கோபமாக எடுக்காதீர்கள், கூட்டங்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் கொழும்பு போகவேண்டிவரும், பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கணக்கை முன்னால் வைத்துக் கேளுங்கள், அவர் பேசுவார்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பத்து வருடம் ஓட்டினேன் என்கிறீர்கள். அம்மா ஒருநாளாவது வந்து பார்த்தார் என்று அதில் இல்லை. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்க முதல், பங்குனி சித்திரையில், விடியற்காலை பண்ணைக் கடல் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் ஒரு கதிரை போட்டு இருத்திவிட்டு, 500 மீற்றர் ஓட்டிக் காட்டுங்கள்.

முன்மொழிய ஆள் கிடைத்ததும் எழுதுங்கள். தமிழ்ப் பக்கத்தை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணா