எல்லை தாண்டும் வெளிச்சம்: வாசகர் கேள்வி – பதில்

புதிய கட்டடங்கள், வளாகங்கள், மனைப்பிரிவுகளில் போடும் வெளிவிளக்குகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் வைக்கும் விதிகள் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை. பதில் சொல்பவர் முன்பு அனுமதி அலுவலகத்தில் ஒளி வரைபடங்களைச் சரிபார்த்தவர். இப்போது கட்டுநர்களுக்கு அதே வரைபடங்களைப் போட்டுக் கொடுக்கிறார்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக்குப் பின்புறம் புதிதாக ஒரு வணிக வளாகம் வந்திருக்கிறது. அதன் வண்டி நிறுத்துமிடத்தில் உள்ள ஒரு விளக்குக் கம்பம் எங்கள் மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக நிற்கிறது. திரை போட்டும் அறையில் வெளிச்சம் அடங்கவில்லை. புகார் கொடுத்தால், "வரைபடப்படி எல்லைக்கோட்டில் ஒரு லக்ஸ்கூட இல்லை, எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது" என்கிறார்கள். அப்படியென்றால் நாங்கள் கண்ணால் பார்ப்பது பொய்யா?

பதில்: பொய்யில்லை அம்மா. வரைபடமும் பொய் சொல்லியிருக்காது. நீங்கள் ஜன்னலைப் பார்க்கிறீர்கள், வரைபடம் தரையைப் பார்க்கிறது. சிக்கல் அங்கேதான்.

ஒளி வரைபடம் என்றால் மனையின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) விழும் என்று மென்பொருள் கணக்கிட்டுத் தரும் தாள். பெரும்பாலும் அந்தப் புள்ளிகள் தரையில், வானத்தைப் பார்த்தபடி இருக்கும். எல்லைக்கோடு நெடுக 0.5, 0.8 என்று எண்கள் வரிசையாக நிற்கும். அதிகாரி அதைப் பார்த்துத் திருப்தியாக முத்திரை குத்திவிடுவார். உங்கள் ஜன்னலோ செங்குத்தாக, விளக்கை முகத்துக்கு முகம் பார்த்து நிற்கிறது. தூரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி தரையில் பரவி மெலிந்துபோகும். அதே ஒளி ஜன்னலில் நேராக மோதும். அதனால் எல்லையில் செங்குத்து அளவையும் கேட்கிற விதிகள்தான் உருப்படியான விதிகள் என்பது என் கட்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஃபிட்டிங், அதாவது கம்பத்தில் மாட்டிய விளக்குக் கூடு, உங்கள் ஜன்னல் இருக்கும் திசையில் 3,000 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவுக்கான அலகு) வீசுகிறது, தூரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000ஐ 20இன் வர்க்கமான 400ஆல் வகுத்தால் 7.5 லக்ஸ். முழு நிலவு தருவதே அதிகபட்சம் 0.3 லக்ஸ் போலத்தான். சி.ஐ.இ. எனப்படும் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையத்தின் 150ஆம் எண் வழிகாட்டி, ஊர்ப்பகுதிகளை இருளின் அளவைப் பொறுத்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. புறநகர்க் குடியிருப்பில் ஜன்னல் மேல் 10 லக்ஸ் வரை விழலாம். இரவில் குறித்த நேரத்துக்குப் பிறகு 2 லக்ஸ்தான். கிராமப்புறத்தில் அதுவே 5, 1. நகர மையத்தில் 25, 5. ஆக, மாலையில் விதிக்குள் இருக்கும் உங்கள் 7.5 லக்ஸ், ஊர் அடங்கிய பிறகு விதியை மீறுகிறது. அந்த 'குறித்த நேரம்' என்ன என்பதை உள்ளூர் நிர்வாகம்தான் வைக்கும். உங்கள் ஊர் விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மூலையில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் கம்பத்தின் உயரம், ஃபிட்டிங்கின் மாடல், சாய்வுக் கோணம் மூன்றும் இருக்க வேண்டும். சாய்வு 0 என்று போட்டிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் போய்க் கம்பத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஃபிட்டிங்கின் கண்ணாடி தரைக்கு இணையாக இருக்கிறதா, முகத்தை உங்கள் வீட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறதா? "கொஞ்சம் தூக்கி வைத்தால் இன்னும் தூரம் அடிக்கும்" என்று ஏணியில் நிற்பவர் ஸ்பேனரால் ஒரு திருகு திருகியிருப்பார். நான் பார்த்த தகராறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு போல்ட்டில்தான் முடிந்தன. அனுமதித்த சாய்வு வேறு, மாட்டிய சாய்வு வேறு என்றால் அது நேரடி விதிமீறல். பக்கவாட்டுப் படத்தோடு எழுதிக் கொடுங்கள்.

சாய்வு சரியாக இருந்தும் வெளிச்சம் வருகிறது என்றால், "மேல்நோக்கி ஒளியே போகாத ஃபிட்டிங்" என்று அவர்கள் காட்டும் சான்றிதழில் மயங்காதீர்கள். அது வானத்தைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. கம்பம் 8 மீட்டர், உங்கள் ஜன்னல் 4 மீட்டர் உயரத்தில் என்றால், ஒளி கீழ்நோக்கி வந்துதான் உங்களை அடிக்கிறது. அமெரிக்க ஒளியூட்டல் பொறியாளர் சங்கத்தின் தரவரிசையில் பின்னொளி, மேலொளி, கண்கூச்சம் என்று மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது பின்னொளி, அதாவது விளக்கின் பின்பக்கம் போகும் ஒளி, அதன் மதிப்பெண்ணை. அது கூடுதலாக இருந்தால், வீட்டுப் பக்கம் ஒரு தடுப்புத் தகடு மாட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான மாடல்களுக்குத் தயாரிப்பாளரே அந்தத் தகட்டைத் தருகிறார்.

அளந்து பார்ப்பதானால் செல்போன் செயலியை நம்ப வேண்டாம். இத்தனை குறைந்த வெளிச்சத்தில் அது இஷ்டத்துக்கு எண் காட்டும். நல்ல லக்ஸ் மீட்டரை ஜன்னலின் வெளிப்பக்கம், விளக்கைப் பார்த்து ஒட்டிப் பிடியுங்கள். விளக்கு எரியும்போது ஒரு முறை, அணைந்த பிறகு ஒரு முறை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். மீதிதான் அந்த விளக்கின் பங்கு. தெருவிளக்கின் பழியை வளாகத்தின் மேல் போட்டீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: பழைய சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டு வாட்டைக் கணிசமாகக் குறைத்திருக்கிறோம். அப்படியும் "ஒளி வரம்பு மீறல்" என்று வரைபடத்தைத் திருப்பிவிட்டார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடித்தது குற்றமா? — ஒரு கட்டுநர்

பதில்: வாட் என்பது விளக்கு சாப்பிடுவது, லூமன் என்பது அது தருவது. 100 வாட் எல்.இ.டி., வாட்டுக்கு 140 லூமன் தந்தால் 14,000 லூமன் ஆகிவிட்டது. பழைய 150 வாட் சோடியத்தோடு கிட்டத்தட்ட சமம். வாட்டை வைத்து வரம்பு போட்ட பழைய விதிகள் எல்.இ.டி. வந்ததும் பல்லில்லாமல் போயின. அதனால்தான் புது விதிகள் மொத்த லூமனைப் பிடிக்கின்றன.

பல ஊர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது, பன்னாட்டு இருள்வானச் சங்கமும் அமெரிக்க ஒளியூட்டல் பொறியாளர் சங்கமும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம். அதில் 0 முதல் 4 வரை ஐந்து ஒளி மண்டலங்கள்; எண் கூடக் கூட வெளிச்சத்துக்கு இடம் கூடும். தளம் போட்ட பரப்பில் சதுர அடிக்கு இத்தனை லூமன் என்று ஒரு கணக்கு உண்டு: மண்டலம் 1இல் 1.25, மண்டலம் 2இல் 2.5, மண்டலம் 3இல் 5. உங்களுக்கு 20,000 சதுர அடி தளம் இருந்து, இடம் மண்டலம் 2 என்றால் மொத்தம் 50,000 லூமன். 12,000 லூமன் ஃபிட்டிங் நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். கோளாறு வேறு இடத்தில். மனை முழுவதையும் பரப்பாகப் போட்டுப் பெருக்கியிருக்கிறீர்கள். புல்வெளியும் கட்டடம் நிற்கும் இடமும் கணக்கில் வராது. வண்டி நிறுத்துமிடம், உள்சாலை, நடைபாதை, படிக்கட்டு போன்றவைதான் வரும். அவற்றை மட்டும் கூட்டி மறுபடி போடுங்கள். ஃபிட்டிங் எண்ணிக்கையை அப்படியே வைத்து, ஒவ்வொன்றிலும் குறைந்த லூமன் மாடலுக்குப் போவது நல்லது. கம்பங்களைக் குறைத்தால் நடுவில் இருட்டுத் திட்டுகள் விழும்.

கேள்வி: விதியில் 3,000 கெல்வினுக்கு மேல் கூடாது என்கிறார்கள். 4,000க்கும் 3,000க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: நீலம். கெல்வின் என்பது இங்கே வெள்ளை ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண். அது கூடக் கூட ஒளியில் நீலப் பங்கு கூடும். நீலம் காற்றில் அதிகம் சிதறும். வெள்ளை எல்.இ.டி.யின் நீல முகடு 450 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது. தெளிந்த காற்றில் அது 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிடச் சுமார் மூன்று மடங்கு சிதறும். ஊருக்கு மேல் தெரியும் வெளிர்ப் படலத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். பூச்சிகளையும் நீலம்தான் கூடுதலாக இழுக்கிறது. கடலாமைகள் முட்டையிடும் ஃபுளோரிடா கரையோரங்களில் இன்னும் கெடுபிடி: கரையிலிருந்து பார்த்தால் தெரியும் விளக்குகளுக்கு 560 நானோமீட்டருக்கு மேலான அம்பர், சிவப்பு ஒளியைத்தான் வனவிலங்குத் துறை கேட்கிறது. வாங்கும்போது பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்ற பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பெரிய சண்டை. விதிப்படி வெளிச்சத்தைக் குறைத்தால் திருடன் வருவான் என்கிறார் செயலாளர். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: தீர்ப்புக்கு முன் செயலாளரை ராத்திரி ஒன்பது மணிக்கு வாசல் ஃப்ளட் லைட்டுக்கு எதிரில் அழைத்துப் போங்கள். கையை நீட்டி உள்ளங்கையால் விளக்கை மட்டும் மறைக்கச் சொல்லுங்கள். விளக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அப்போது தெரிந்தால், இத்தனை நாள் அந்த விளக்கு திருடனுக்குத்தான் காவல் நின்றிருக்கிறது. கண்கூச்சம் என்பது இதைத்தான். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு கூசும் விளக்கு அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

பாதுகாப்புக்கு மொத்த வெளிச்சத்தைவிடச் சீரான வெளிச்சம் முக்கியம். வரைபடத்தில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் அது 20க்கு 1ஐத் தாண்டினால், பளிச்சென்ற வட்டத்தில் நிற்பவருக்குப் பக்கத்து மூலை கிணறாகத் தெரியும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் பாதியாக மங்கி, ஆள் நடமாட்டம் கண்டால் முழுதாக எரியும் சென்சார் வையுங்கள். திடீரென்று எரியும் விளக்கைத் திரும்பிப் பார்க்காத காவலாளி கிடையாது. அப்படியும் செயலாளர் மசியவில்லை என்றால் பொதுக்குழுவில் வைக்க வேண்டியதுதான். அதற்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: இந்த விதிகளை முதலில் எந்த ஊர் கொண்டுவந்தது?

பதில்: பலரும் சொல்வது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப். 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. விளம்பரத்துக்காக வானத்தைத் துழாவும் தேடுவிளக்குகளை 1958இல் அந்த நகரம் தடை செய்தது. 2001இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற அங்கீகாரமும் அதற்கே கிடைத்தது. வானியலாளர்களுக்காகத் தொடங்கியது இன்று பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் வரை வந்திருக்கிறது.

கேள்வி: கட்டுமானம் நடக்கும்போது வைக்கும் தற்காலிக விளக்குகளுக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: பல ஊர்களில் விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனையோடு. வேலை நடக்கும் நேரம் மட்டும், வேலை நடக்கும் இடத்தை மட்டும் பார்த்து எரிய வேண்டும். ஆள் போன பிறகும் டவர் லைட் எரிந்தால் விலக்கு போய்விடும்.

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் சைட்டில் விளக்கு ஆய்வு. முதல் முறை. என்ன தயார் செய்து வைக்கலாம் ஐயா? — புதிதாக வேலையில் சேர்ந்த மின் பொறியாளர்

பதில்: ஆய்வுக்கு முந்தைய இரவு நீங்களே ஒரு முறை எல்லைக்கோடு நெடுக லக்ஸ் மீட்டரோடு நடந்துவிடுங்கள், தம்பி. புது விளக்கு வரைபடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். தூசும் வயதும் குறைக்கப்போகும் ஒளியை முன்கூட்டியே கழித்துத்தான் வரைபடம் போடுவார்கள். விதி எந்தக் கணக்கைக் கேட்கிறது என்று பாருங்கள். எல்லையில் தொடக்க அளவையே கேட்கும் ஊர்கள் உண்டு.

சாய்வு போல்ட்டை 0இல் வைத்து முறுக்கி, அதன் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். யாராவது திருப்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். டைமரில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் சில மலிவு டைமர்கள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடும்.

முக்கியமாக, ஒப்பந்ததாரர் 'அதே மாதிரி' என்று சொல்லி வேறு ஃபிட்டிங்கை மாட்டியிருக்கிறாரா என்று லேபிளைப் படியுங்கள். வாட்டும் கெல்வினும் ஒன்றாக இருந்தாலும் லென்ஸ் மாறினால் ஒளி விழும் வடிவமே மாறிவிடும். மாறியிருந்தால் புது மாடலின் ஒளிக்கோப்பை (எந்தத் திசையில் எவ்வளவு ஒளி போகும் என்று தயாரிப்பாளர் தரும் கணினிக் கோப்பு) வாங்கி, வரைபடத்தைத் திருத்தி, ஆய்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஏணி போட்டு லேபிள் படிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நானும் படித்திருக்கிறேன்.