இரண்டு பேரேடு வேண்டாம், ஆச்சி

போன வாரம் காரைக்குடியில் என்னைப் பார்க்க வந்த ஆச்சிக்கு இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளை, அந்தத் தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

"ரெண்டு தடவ நீட் எழுதிட்டான். மூணாவது தடவைக்கு எந்தக் கோச்சிங் நல்லது?" என்று கேட்டீர்கள். பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் தம்பி தன் விலங்கியல் நோட்டைத் திறந்து காட்டினான். முன்பக்கம் இதயத்தின் படம். பின்பக்கம் முழுக்க உங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் கஜலட்சுமி. யானையின் துதிக்கையை மட்டும் பதினோரு தடவை வரைந்திருக்கிறான். "வீட்டுல சொல்லிடாதீக" என்றான். 19 வயதுப் பிள்ளை, எதையோ திருடிவிட்டவன் மாதிரி.

கணக்கில் ஒரு காசு இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து தேடியவர்கள் நம் பெரியவர்கள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை, உங்களுக்குக் காட்ட ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு பேரேடு வைத்திருக்கிறான். அவன் மதிப்பெண்ணைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

"நம்ம வீட்டுக்கு ஒரு டாக்டர் வேணும்" என்று பெரியப்பச்சி சொல்கிறாராம். ஆசைப்படட்டும். அதற்காக உங்கள் பிள்ளை வருடக்கணக்கில் நடித்துக்கொண்டிருக்க முடியாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டுப் பங்கை விற்கலாமா என்று கேட்டீர்களே, கூடவே கூடாது. பிடிக்காத படிப்புக்குப் பூர்வீகத்தை விற்றால், அந்தக் கடனை நினைத்தே அவன் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டான்.

இன்ஜினியரிங், பி.காம்., சி.ஏ. பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. கல், சுதை, உலோகம், மரம் என்று சிற்பத்தில் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. பட்டம், மரபுக் கட்டடக்கலைக்கு பி.டெக். தனியாக உண்டு. அரசுக் கல்லூரி, அதனால் கட்டணம் பயமுறுத்தாது. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். பிறந்தது எங்கே தெரியுமா? நம் பிள்ளையார்பட்டியில்.

தம்பியின் கை போவது சுதைக்கு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து முரட்டு உருவம் கட்டி, நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, அது இறுகுவதற்குள் சின்னக் கரண்டியால் மூக்கும் முழியும் எடுக்கிற வேலை அது. உங்கள் வீட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள், இன்றைக்கும் கண்ணாடியாக வழுக்கும். அந்தப் பூச்சு தெரிந்த கை குறைந்துபோனதால்தான் எத்தனையோ வீடுகளில் சிமெண்டை அப்பிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

வேலை இருக்குமா என்பீர்கள். 12 ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்பது வழக்கம். அப்போதெல்லாம் கோபுரத்துச் சுதையைச் செப்பனிட ஆள் வேண்டும். அறநிலையத் துறையில் ஸ்தபதி பணியிடங்கள் உண்டு. சிங்கப்பூரில் நகரத்தார் 1859இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் மாதிரி வெளிநாட்டுக் கோயில்களுக்கும் இங்கிருந்துதான் ஸ்தபதிகள் போகிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் வருமானம் கம்மிதான். வெயிலில் சாரத்தில் நிற்க வேண்டும், சுண்ணாம்பு கையை அரிக்கும். இதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

அதனால் உடனே விண்ணப்பம் போட வேண்டாம். நம் பக்கம் கோயில் வேலை நடக்கும் இடமாகப் பார்த்து, இரண்டு மாதம் ஒரு சுதைக்காரரிடம் கையாளாகப் போகட்டும். வேண்டாம் என்று திரும்பி வந்தால், அதை அவன் வாயால் சொல்லட்டும், வேறு யோசிப்போம். மூன்றாவது நீட் மட்டும் அவன் கேட்காமல் கிடையாது.

அப்புறம் ஒன்று. அடுத்த கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "நீட்டுக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிடாதீர்கள். "சுதை வேலை பழகுறான்" என்று சொல்லுங்கள். தம்பி பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள், ஆச்சி.