உளவளத்துணைக்குப் போனால் உண்மையிலேயே மனம் ஆறுமா? வீட்டுச் சண்டை குறையுமா?

“கதைத்து என்ன வரப்போகுது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம். 2009 போரில் செல்லடியில் தம்பி என் கண்முன்னால் போனான். அவனுக்குப் பதினேழு வயது. பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நடந்தோம். அப்புறம் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம், மீள்குடியேற்றம், கலியாணம், பிள்ளை. நான் நல்லாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மகள் ரியூசன் முடிந்து கால் மணி நேரம் பிந்தினால் படலையிலேயே நின்று கத்துவேன். ஒருநாள் அடித்தும்விட்டேன். “அம்மாவுக்கு என்னைக் கண்ணிலும் காட்டக்கூடாது” என்று அவள் அம்மம்மாவிடம் அழுததைக் கேட்ட பிறகுதான் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனேன். ஊரில் ‘விசர்’ என்று சொல்வார்களோ என்ற பயம் நிறையவே இருந்தது.

அந்த உளவளத்துணையாளர் மிஸ் புத்திமதி சொல்லவில்லை, மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று தரம் மூச்சுப் பயிற்சியும் நித்திரை பற்றிய கதையும்தான். பிறகு ஒருநாள் நிலத்தில் ஒரு கயிற்றை விரித்தா. பிறந்ததிலிருந்து இன்றுவரை இதுதான் உங்கள் வாழ்க்கை, நல்லதுக்குப் பூ வையுங்கோ, கெட்டதுக்குக் கல் வையுங்கோ என்றா. நான் கல்லைத்தான் முதலில் எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டிலில் போனது நினைவுக்கு வந்தது. அதற்கு ஒரு பூ வைத்தேன். அவன் செத்த ஒரு நாளுக்குக் கீழே அவன் இருந்த பதினேழு வருசமும் புதைந்து கிடந்திருக்கிறது. அன்று நான் அழுத அழுகை அதுவரை அழாதது.

இப்படி வாழ்க்கையை வரிசையாகச் சொல்ல வைக்கும் முறையை ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் போரில் அடிபட்டவர்களுக்காக உருவாக்கினார்கள். 2004 சுனாமிக்குப் பின்னர் எங்கள் வடகிழக்குப் பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறார்கள். பெரும் பயத்தில் பதிந்த ஞாபகத்தில் ‘அது அன்று, அங்கே நடந்தது’ என்ற அடையாளம் சரியாக விழாது. சத்தமும் மணமும் நெஞ்சிடியும் துண்டு துண்டாகக் கிடக்கும். அதனால்தான் திருவிழாச் சீனவெடிக்கும் என் உடம்பு பங்கருக்குள் போய்விடும். திரும்பத் திரும்ப, நிதானமாக, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது அதைச் சொன்னால், அது மெல்ல மெல்லப் பழைய நாளாகிறது. இடையில் சில கிழமை நித்திரை இன்னும் கெட்டது. அந்த நேரம் நிற்பாட்டிவிடாதீர்கள், மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

ஆறாவது தரம் என் கணவரும் வந்தார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத கல்நெஞ்சக்காரர் என்று இத்தனை வருசம் மனதில் வைத்திருந்தேன். “ஞாபகப்படுத்தினால் தாங்கமாட்டாள் என்றுதான் பேசாமல் இருந்தனான்” என்றார். நானும் அவருடைய அம்மா பற்றி அதே காரணத்துக்காகத்தான் கேட்காமல் இருந்தேன். மகளிடம், பிந்தினால் எனக்கு வருவது கோபம் இல்லை, பயம் என்று சொன்னேன். இப்போது அவள் வெளிக்கிடும்போது ஒரு மிஸ்ட் கோல் தருகிறாள். சண்டை முழுதாக நிற்கவில்லை, ஆனால் அடி நின்றுவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு இது மட்டும் போதாது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாமாருக்கு வேண்டியது பதில். எந்த உளவளத்துணையும் அந்தப் பதிலுக்கு ஈடாகாது. ஆனால் காத்திருக்கும் உடம்புக்கும் நித்திரை வேண்டுமே.

சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும், அதை உளமருத்துவர் பார்த்துச் சொல்வார். அவசரமென்றால் இலங்கையின் உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதைக்கலாம். முதல் நாள் தனியாகப் போகக் கஷ்டமென்றால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் மச்சாளோடு போனேன். அவள் உள்ளே வரவில்லை, முடியும்வரை வெளியே வாங்கில் இருந்தாள்.